தெற்கு வரிசை ஏழாவது கால்

மூன்று பாலங்களைத் தின்று ஏப்பம் விட்ட கடல், புன்னந்தாழைக் கடல். முதல் பாலம் ஊரார் தாங்களே பனங்கட்டை நட்டுக் கட்டியது, அது மூன்று ஐப்பசி தாங்கியது. இரண்டாவது பழைய தண்டவாள இரும்பில் கட்டியது, நின்றது போதும் என்று ஒரு கார்த்திகையில் அதுவாகவே படுத்துக்கொண்டது. மூன்றாவது கல்லும் சுண்ணாம்பும், மந்திரிக்காகக் காத்திருந்த வாரத்திலேயே திறப்பு விழாத் தோரணத்தோடு சேர்ந்து போயிற்று. ஆனாலும் பாலம் இல்லாமல் அந்த ஊருக்குப் பிழைப்பில்லை, ஏனென்றால் கரையோரத்தில் அலை மடிந்து விழுகிற இடம் அது, வள்ளம் நேரே கரையேறினால் கவிழ்ந்து ஆளைக் கொல்லும், கடலுக்குள் நீளும் பாலத்தில் கட்டினால்தான் மீனும் ஆளும் முழுசாக வந்து சேரும். ஆகவே கடல் இடிக்க இடிக்க ஊர் கட்டியது, ஊர் கட்டக் கட்டக் கடல் இடித்தது, யாருக்கு முதலில் சலிக்கும் என்பதுதான் பாக்கியாக இருந்தது. நான்காவது பாலத்தை அரசாங்கம் கான்கிரீட்டில் கட்டிக் கொடுத்தது, வரிசைக்கு இருபதாக நாற்பது கால், மேஸ்திரி உள்ளூர்க்காரரான யாகப்பன்.

கட்டி முடித்த அடுத்த ஐப்பசியில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு, வானம் துடைத்துக் கவிழ்த்த வட்டிலாக இருக்கும்போது, அந்தப் பாலம் தன் கால்களை ஒவ்வொன்றாக மணலிலிருந்து உருவி, சேற்றை உதறி, கரையேறி நடந்தது. மீன் ஏலம் போட்டுக்கொண்டிருந்தவர்கள் கூடைகளை நகர்த்தி வழி விட்டுவிட்டு விட்ட இடத்திலிருந்து ஏலத்தைத் தொடர்ந்தார்கள். பாலம் கோயில் தெரு வழியாக, கைத்தான் டீக்கடையின் முன்கூரைச் சாய்ப்பை இடித்துத் தள்ளிக்கொண்டு, ஊருக்கு மேற்கேயுள்ள செம்மணல் மேடான தேரியின் மேல் ஏறி, நாற்பது காலையும் மடக்கிப் படுத்துக்கொண்டது. கான்கிரீட் எப்படி மடங்கும் என்று கேட்காதீர்கள். மடங்கியது, பார்த்தவர்கள் ஊர் முழுக்க இருக்கிறார்கள். மறுநாள் புயல் அடித்தது. மூன்று நாள் கழித்துக் காற்று ஓய்ந்ததும் பாலம் எழுந்து வந்த வழியே இறங்கிப் போய், தன் பழைய குழிகளில் தன் கால்களைச் செருகிக்கொண்டு நின்றது, விடிந்ததும் முதல் வள்ளம் வழக்கம்போல அதில் கயிறு கட்டியது.

இதில் ஊருக்கு ஒரே மனத்தாங்கல் கைத்தானின் சாய்ப்புதான். "நடக்கது நடக்கட்டும், ஓரமா நடக்கக் கூடாதா?" என்று அவர் கமிட்டியில் முறையிட்டார். ஊர்த்தலைவர் கஸ்பார் ஆளைக் கூட்டிப் பேசி, கோயில் தெருவில் இனி யாரும் இருபது அடிக்கு உள்ளே சுவர் எழுப்பக் கூடாது, துணி காயப்போடும் கயிறு குறுக்கே போகக் கூடாது, கரண்டு கம்பியை உயர்த்தித் தர மனுக் கொடுக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டார். மனுவைப் படித்த அலுவலகத்தார் ஜீப்பில் வந்து அளந்து பார்த்து, எவருடைய அனுமதியின் பேரில் இடம் பெயர்ந்தாய், பதினைந்து நாளில் விளக்கம் கொடு என்று ஒரு நோட்டீஸை முதல் காலில் ஒட்டிவிட்டுப் போனார்கள். அடுத்த புயலுக்குப் பாலம் அந்த நோட்டீஸையும் கூட்டிக்கொண்டே தேரிக்குப் போயிற்று, மழை அதைக் கரைத்துவிட்டது, அதன்பின் அலுவலகமும் அந்தப் பேச்சை விட்டுவிட்டது.

இரண்டு வருஷத்தில் பாலம் எழும்புவதும் ஊர் கிளம்புவதும் ஒன்றென்று ஆகிப்போனது. பாலம் கரையில் வந்து முன்னங்கால்களை மடித்துக் கொஞ்ச நேரம் நிற்கும், அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் ஏறிவிட வேண்டும், யாருக்காகவும் அது காத்திருக்காது. ஆகவே ஏறுகிற வரிசையைக் கமிட்டி எழுதி வைத்தது: முதலில் பிள்ளைத்தாய்ச்சிகள், பிறகு நடக்க மாட்டாதவர்கள், பிறகு பிள்ளைகுட்டியோடு பெண்கள், அதற்குப் பிறகு வள்ளத்து என்ஜினும் வலையும், ஆம்பிளைகள் கூடவே நடந்து வர வேண்டியது. பிள்ளைத்தாய்ச்சிகள் உட்கார ஒரு மர பெஞ்சைத் தெற்கு ஓரத்தில் போல்ட்டு போட்டு முடுக்கினார்கள். கோயில் சாமியார், இதெல்லாம் வேதத்தில் இல்லையே என்று முதல் வருஷம் இழுத்தார், அடுத்த வருஷம் நற்கருணைப் பேழையைக் கையில் வைத்துக்கொண்டு அவரே நடக்க மாட்டாதவர்கள் வரிசையில் நின்றார்.

பாலம் நடக்கும்போது நொண்டும். தெற்கு வரிசையில் ஏழாவது கால், மற்ற முப்பத்தொன்பதும் ஊன்றி முடித்த பிறகு ஒரு நொடி தயங்கி, மெல்ல ஊன்றும். அந்த நொண்டலின் பேரில் ஊருக்குப் பெரிய பிரியம். பிள்ளைகள் நொண்டிப் பாலம் விளையாடினார்கள், திருவிழா பாண்டு செட்டுக்காரர்கள் அந்தத் தயக்கத்தை அப்படியே தாளத்தில் பிடித்து வைத்திருந்தார்கள், அதைக் கேட்டு வெளியூர்க்காரன் அடி தப்பிவிட்டது என்று நினைத்தால் புன்னந்தாழைக்காரன் சிரிப்பான். ஏன் நொண்டுகிறது என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. அது யாகப்பன் ஒருவருக்குத்தான் தெரியும், அவரும் ஒன்பது வருஷமாகப் பாவசங்கீர்த்தனத்தில் பொய், கோபம், சாராயம் எல்லாம் சொல்லி, இதை மட்டும் நாக்குக்குக் கீழே வைத்துக்கொண்டு எழுந்து வந்துகொண்டிருந்தார்.

நடந்தது இதுதான். பாலம் கட்டிய வருஷத்துச் சித்திரையில் ஊரில் ஒரு கிணற்றிலும் சொட்டுத் தண்ணீர் இல்லை. கான்கிரீட்டுக்கு மட்டும் லாரியில் நல்ல தண்ணீர் வரும், வந்து இரண்டு டிரம்மில் நிறையும், அதைப் பார்த்துக்கொண்டு பெண்கள் காலிக் குடத்தோடு மணலில் உட்கார்ந்திருப்பார்கள். கேட்க மாட்டார்கள், சும்மா உட்கார்ந்திருப்பார்கள், அதுதான் மனுஷனைக் கொல்லும். தெற்கு வரிசை ஏழாவது காலில் பாதி ஊற்றியிருந்த அன்று யாகப்பனுக்கு மனசு கேட்காமல், இன்னொரு லாரி வரத்தானே போகிறது என்று, இரண்டு டிரம்மையும் திறந்துவிட்டுப் பிடித்துக்கொண்டு போங்கள் என்று சொல்லிவிட்டார். லாரி வரவில்லை. பாதியில் நிறுத்தினால் பழைய கலவையும் புதிய கலவையும் ஒட்டாது, கால் அங்கேயே துண்டாகும். அது தெரியாத மேஸ்திரி கிடையாது. ஆகவே கடலிலிருந்து வாளியில் மோந்து மிச்சத்தைக் கலந்து ஊற்றி முடித்தார். உப்பு உள்ளே இருக்கிற கம்பியைத் தின்னும், தின்ற கம்பி வீங்கும், வீங்கிக் கான்கிரீட்டைப் பிளக்கும், இதுவும் அவருக்குத் தெரியும். நிற்கிற கால்தானே, பக்கத்துக் கால்கள் தாங்கிக்கொள்ளும் என்று மனசைத் தேற்றிக்கொண்டார். கால் நடக்கும் என்று யார் கண்டார்கள், சொல்லுங்கள்.

அந்த ஊரில் பெரிய வியாழனன்று சாமியார் பன்னிரண்டு பேருக்குப் பாதம் கழுவி முடித்ததும், ஊரார் கடலில் இறங்கிப் பாலத்துக்குக் கால் கழுவுவார்கள். சீட்டுப் போட்டு, ஆளுக்கு ஒரு கால், ஒட்டியிருக்கிற சிப்பியையும் பாசியையும் சுரண்டி எடுக்க வேண்டும். எட்டு வருஷம் யாகப்பனுக்கு எட்டு நல்ல கால் விழுந்தது. ஒன்பதாம் வருஷம் தெற்கு ஏழு விழுந்தது. இடுப்பளவு தண்ணீரில் நின்று சுரண்டச் சுரண்ட, சிப்பியோடு சேர்ந்து கான்கிரீட்டும் பொருக்குப் பொருக்காகக் கையோடு வந்தது, உள்ளே கைவிரல் நுழைகிற வெடிப்பு, வெடிப்புக்குள் செந்துருவாகக் கம்பி. அவர் அங்கே கையை வைத்ததும், வலிக்கிறவர்கள் இழுத்துக்கொள்வதுபோல அந்தக் கால் தன்னை லேசாக உள்ளே இழுத்துக்கொண்டது. யாகப்பன் பாசியை அள்ளி வெடிப்பை மூடிவிட்டுக் கரையேறினார். அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை.

சோறு இறங்காததற்குக் காரணம் உண்டு. அவருடைய மகள் ஜெசிந்தா, உள்ளூரிலேயே கட்டிக் கொடுத்தவள், அப்போதுதான் முழுகாமல் இருந்தாள். கணக்குப் பார்த்தால் கார்த்திகையில் பேறு. கார்த்திகையில் புயல் இல்லாமல் போகுமா? புயல் வந்தால் பெஞ்சில் முதல் இடம் அவளுக்கு, பெஞ்சுக்கு நேர் கீழே ஏழாவது கால். வைகாசி முழுக்கச் சொல்லிவிடலாம் என்றிருந்தார், ஆனி ஆடியில் தனியாகச் சிமென்ட் பூசிப் பார்த்தார், அது நாலு நாளில் உதிர்ந்தது, புரட்டாசியில் மகளிடம் மட்டும் சொல்லி அவளை மாமியாருடைய பிறந்த ஊருக்கு அனுப்பிவிடலாம் என்று யோசித்தார், மற்ற பெண்கள் முகம் வந்து முன்னால் நின்றது. மனுஷன் பாதியாக இளைத்துப் போனார். "உமக்கு என்ன கேடு வந்திருக்கு, வாயத் திறந்து சொல்லும்" என்று மனைவி அமலோற்பவம் கேட்டுக் கேட்டு அலுத்துப் போனாள்.

கார்த்திகை ஒன்பதாம் தேதி, நல்ல வெயிலில், பாலம் முதல் காலை உருவியது. கோயில் மணி அடித்தது, ஊர் மூட்டையைக் கட்டியது. நிறைமாதம் ஆனதால் ஜெசிந்தாவை நாற்காலியில் வைத்து அவள் புருஷனும் கொழுந்தனும் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பாலம் கரையில் வந்து முன்னங்காலை மடித்தபோது, யாகப்பன் அதன் முன்னால் போய்க் கையை விரித்துக்கொண்டு நின்றார்.

"ஒருத்தரும் ஏறாதீங்க."

"என்ன மேஸ்திரி, வெயிலு தலைக்கு ஏறிட்டா? வழிய விடும்" என்றார் கஸ்பார்.

"தெக்கு ஏழாவது கால் இன்னைக்குத் தாங்காது. நான் கட்டுனது, எனக்குத் தெரியும். பாதிக் காலை உப்புத் தண்ணியில கலந்து ஊத்தியிருக்கேன். உள்ள கம்பி செத்துப்போச்சு. அது நொண்டுதது அதனாலதான்."

எல்லாவற்றையும் அங்கேயே நின்று சொன்னார், டிரம்மைத் திறந்தது, லாரி வராதது, பாசியால் மூடியது. கைத்தான் எதையோ சொல்ல வாயெடுத்தார், அதற்குள் அமலோற்பவம் கூட்டத்திலிருந்து முன்னால் வந்தாள்.

"அந்தத் தண்ணியில மொதக் குடம் நான் புடிச்சேன். அதையும் சேத்துக்கிடுங்க."

"ரெண்டாவது நான்" என்றாள் கஸ்பாருடைய மனைவி, அவர் முகத்தைப் பார்க்காமலே. மூன்றாவது யார், நான்காவது யார் என்று ஒவ்வொருத்தியாகச் சொன்னார்கள், இருபத்துமூன்று குடம், ஒன்றும் முன்பின்னாகவில்லை. தண்ணீர் வரிசையை எந்தப் பெண் மறப்பாள்? பதினோராவதாக நின்றவள் செத்துப் போயிருந்தாள், அவளுடைய மருமகள் "அது எங்க அத்தை, அவியளுக்காக நான் சொல்லுதேன்" என்றாள். கைத்தானுடைய மனைவி கடைசி ஆள். "எனக்கு அரைக் குடந்தான் கெடச்சிது" என்று அவள் சொன்னதை அந்த நேரத்திலும் யாரோ இல்லை, முக்கால் குடம் என்று திருத்தினார்கள். கைத்தான் வாயை மூடிக்கொண்டார்.

இதற்குள் பாலம் நின்றது போதும் என்று எழுந்துவிட்டது. என்ஜினும் ஏறவில்லை, ஆளும் ஏறவில்லை, காலிப் பாலமாகவே அது கோயில் தெருவில் திரும்ப, ஊரே அதன் இரண்டு பக்கமும் நடந்தது, எல்லார் கண்ணும் ஒரு காலின் மேல். கோயில் முக்கில், கைத்தான் கடைக்கு எதிரே, ஏழாவது கால் தயங்கி, ஊன்றி, முழங்காலுக்கு மேலே முறிந்தது. பாலம் தெற்கே சரிந்து விழுந்தது. பெஞ்சு போல்ட்டைப் பிய்த்துக்கொண்டு சறுக்கி வந்து பொதுக் கிணற்றுச் சுவரில் மோதிச் சிம்பு சிம்பாகப் போனது.

நாற்காலியில் இருந்தபடி ஜெசிந்தா அந்தச் சிம்புகளைப் பார்த்தாள், பிறகு அப்பாவைப் பார்த்தாள். வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டிருந்தாள்.

"எப்பா, இதுக்கு முன்ன எத்தனை புயலு. ஒவ்வொரு தடவையும் என் கையப் புடிச்சு நீருதான் ஏத்திவிட்டீரு. நீரு ஒரு தடவையாவது அதுல ஏறியிருக்கீரா?"

யாகப்பன் ஏறியதில்லை. ஆம்பிளைகள் நடக்க வேண்டும் என்பது ஊர்ச் சட்டம் என்று சொல்லியிருக்கலாம், அது உண்மையும்கூட, ஆனால் அவள் கேட்டது அதை இல்லை என்று அவருக்குத் தெரியும். அன்றிலிருந்து அவள் அவரோடு பேசவில்லை.

ஊர் கால்நடையாகத் தேரிக்குப் போயிற்று, நடக்க மாட்டாதவர்களை நடக்கிறவர்கள் சுமந்தார்கள், சாமியார் பேழையைக் கையில் பிடித்துக்கொண்டு அன்று நடந்தே வந்தார். மறுநாள் காற்றும் கடலும் ஊருக்குள் வந்தன. பாலம் தெருவிலேயே கிடந்து, ஈன முடியாத மாடு மாதிரி அரற்றியது தேரி வரைக்கும் கேட்டது. யாகப்பனுக்கு மட்டும்தான் அது கேட்டது என்று நினைக்காதீர்கள், எல்லாருக்கும் கேட்டது, அவர்தான் காதைப் பொத்திக்கொண்டார்.

புயல் ஓய்ந்து இறங்கி வந்தபோது கூரைகள் போயிருந்தன, கிணறெல்லாம் உப்பாகியிருந்தது, பாலம் மண்டி போட்டபடி கிடந்தது. ஜீப்பில் வந்தவர்கள் மதிப்பீடு போட்டு மேலே அனுப்பி, உத்தரவு வந்து, வேலை தொடங்க மூன்று வருஷமாவது ஆகும் என்றார்கள். அதுவரைக்கும் வள்ளம் எங்கே கட்டுவது? ஜீப் போனதும் கஸ்பார் யாகப்பன் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"ஒரு காலு வார்க்க என்னென்ன வேணும்?"

"கம்பி, சிமென்ட், ஜல்லி, நல்ல மணல்" என்று சொல்லி நிறுத்திவிட்டு யாகப்பன் மெதுவாகச் சொன்னார், "நல்ல தண்ணி."

நல்ல தண்ணீர் அப்போது வாரத்துக்கு இரண்டு நாள் லாரியில், வீட்டுக்கு மூன்று குடம். குடிக்கக் காணாது. யாரும் வீடு வீடாகப் போய்ச் சொல்லவில்லை, கமிட்டி தீர்மானமும் போடவில்லை. யாகப்பன் செத்த கம்பியை அறுத்து, புதுக்கம்பி கட்டி, பலகை அடைத்து முடித்த அன்று, அமலோற்பவம் முதல் குடத்தைக் கொண்டு வந்து கலவைப் பக்கத்தில் இறக்கி வைத்தாள். பின்னாலேயே கஸ்பாருடைய மனைவி வந்தாள். அதே வரிசை, அதே இருபத்துமூன்று. பதினோராவதாக மருமகள் வந்தாள். கடைசியாக வந்த கைத்தானுடைய மனைவி முழுக் குடம் கொண்டு வந்திருந்தாள், அதை எல்லாரும் பார்க்கும்படியாகவே வைத்தாள். அன்று புன்னந்தாழையில் பல வீட்டில் கஞ்சி வைக்கவில்லை. ஆம்பிளைகள் முறை போட்டுக் கலந்தார்கள், யாகப்பன் கையாலேயே குத்திக் குத்தி இறக்கினார்.

வார்த்த கால் உரம் ஏற இருபத்தெட்டு நாள் வேண்டும், அதுவரை ஈரச்சாக்கு சுற்றி நனைத்துக்கொண்டே இருக்க வேண்டும். காத்திருந்து பழகாத பாலம், காற்று ஓய்ந்தால் எழுந்துவிடுகிற பாலம். யாகப்பன் அதன் பக்கத்தில் உட்கார்ந்து, "இருபத்தெட்டு நாள் பொறுத்துக்கிடு" என்றார். அது பொறுத்துக்கொண்டது. ஒரு மாதம் தெருவை அடைத்துக்கொண்டு கிடந்தது, ஆட்கள் அதற்கு அடியில் குனிந்து கோயிலுக்குப் போய் வந்தார்கள், கைத்தான் அதன் நிழலில் பெஞ்சு போட்டு டீ விற்றார். ஜெசிந்தாவுக்கு அரசாங்க ஆஸ்பத்திரியில் ஆண்பிள்ளை பிறந்தது. யாகப்பன் போய் வாசலில் நின்று பார்த்துவிட்டு, சாக்கு காய்ந்துவிடும் என்று சொல்லித் திரும்பி வந்தார். இருபத்தொன்பதாம் நாள் பாலம் எழுந்து கடலுக்குத் திரும்பி நடந்தது, நொண்டவில்லை. மீசை எடுத்த ஆளைப் பார்ப்பதுபோல ஊர் அதைக் கொஞ்ச நாள் பார்த்தது, பாண்டு செட்டுக்காரர்களுக்குத்தான் வருத்தம்.

தப்புக்குத் தண்டனை உண்டு. கமிட்டி கூடி, குடம் பிடித்த இருபத்துமூன்று வீடும் கொடுத்த தண்ணீரோடு கணக்குத் தீர்ந்தது என்றது. யாகப்பனுக்கான தண்டனையைக் கஸ்பார் எழுந்து நின்று சொன்னார்: "இனிமே பாலம் எப்ப எழும்பினாலும் மொதல்ல மேஸ்திரி ஏறணும். ஏழாவது காலுக்கு மேல நிக்கணும். அதுக்குப் பொறவு ஏறுகதும் ஏறாததும் அவிய அவிய இஷ்டம்." யாகப்பன் சரி என்றார்.

மறு வருஷம் ஐப்பசி கடைசியில் பாலம் காலை உருவியது. மணி அடித்தது. பாலம் கரையில் மடிந்து நின்றதும், யாகப்பன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, அது நடக்கப் போகிற நேரத்தில் வாழ்க்கையில் முதல் தடவையாக அதன் மேல் ஏறி, தெற்கு ஓரமாக நடந்து, ஏழாவது காலுக்கு மேலே போய் நின்றார். கீழே ஊர் முழுக்க மூட்டையோடு நின்றது. ஒருவரும் முன்னால் வரவில்லை. பிள்ளைத்தாய்ச்சிகள் மூன்று பேர் அந்த வருஷம், மூன்று பேரும் புருஷன்மாரைப் பார்த்தார்கள், புருஷன்மார் மணலைப் பார்த்தார்கள். "இந்தத் தடவ வெறும் பாலமாப் போகட்டும், அடுத்த தடவ பாப்பம்" என்று கஸ்பார் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, ஜெசிந்தா பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு கூட்டத்தை விலக்கி ஏறினாள். நேராக நடந்து வந்து அப்பாவுக்கு எதிரே நின்றாள்.

யாகப்பன் கையைக் காட்டி மறித்தார். "வேண்டாம் மக்கா. நான் மட்டும் நிக்கேன். நீ இறங்கிரு."

"இறங்குகதும் இருக்கதும் பொறவு. காலு நல்லாருக்கா, இல்லையா? அதச் சொல்லும்."

ஒரு வருஷம் கழித்து அவள் அவரிடம் பேசிய முதல் பேச்சு அது. யாகப்பன் கட்டிய கம்பி ஒவ்வொன்றையும், கொட்டிய குடம் ஒவ்வொன்றையும், நனைத்த இருபத்தெட்டு நாளையும் மனசுக்குள் ஒரு தடவை தொட்டுப் பார்த்தார். பிறகு மகளுடைய முகத்தை நேராகப் பார்த்தார்.

"நல்லாருக்கு."

"அப்ப உக்காரும்" என்று சொல்லி அவள் பிள்ளையை அவர் கையில் கொடுத்தாள். யாகப்பன் பேரனை மடியில் வாங்கிக்கொண்டு ஏழாவது காலுக்கு மேலே உட்கார்ந்தார். கீழே பிள்ளைத்தாய்ச்சிகளில் ஒருத்தி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏற ஆரம்பித்தாள்.